டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்: ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கான எஸ்யூவி

எஸ்யூவி வாங்கினால் பெட்ரோல் பங்க்கிலேயே குடியிருக்க வேண்டும் என்று பயப்படுபவர்கள் இந்த வண்டியை ஒருமுறை நெரிசலான ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2019 மாடலாக வந்த ஐந்தாம் தலைமுறை ராவ்4 ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி, 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து பேர் உட்காரலாம். குடும்பத்துக்கு வண்டி தேடுபவர்களை மனதில் வைத்து எழுதுவதால் மைலேஜைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவின் சோதனைக் கணக்கை லிட்டருக்கு மாற்றினால் நகரத்தில் சுமார் 17.4 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 16.2. அதே வண்டியின் சாதாரண பெட்ரோல் மாடல், முன்சக்கர இயக்கம் கொண்டது, நகரத்தில் 11, நெடுஞ்சாலையில் 14.9. நெடுஞ்சாலையில் வித்தியாசம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நகரத்தில் ஆறுக்கு மேல்! இத்தனைக்கும் ஹைபிரிட்டில் நாலு சக்கர இயக்கம் இருக்கிறது, பின்சக்கரங்களுக்குத் தனி மின்மோட்டார்.

ஓட்டும்போதே காரணம் புரிந்துவிடும். சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. பச்சை விழுந்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் சத்தமே இல்லாமல் வண்டி நகரும், மீட்டரில் மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் காட்டும் ஈவி விளக்கு எரியும், ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினால்தான் எஞ்சின் வந்து சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் எஞ்சின் அதிகம் வீணடிப்பது நின்று கிளம்பும் அந்த நேரத்தில்தான், அதை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. பிரேக் பிடிக்கும்போது போகிற சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆனால் தூரத்திலிருந்தே மெதுவாகப் பிடிக்க வேண்டும், கிட்டே போய் ஓங்கி மிதித்தால் சாதாரண பிரேக்தான் அதிகம் வேலை செய்யும், சக்தியில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும்.

நெடுஞ்சாலையில் கதை வேறு. அங்கே நிற்பதும் கிளம்புவதும் இல்லை, காற்றோடுதான் மல்லுக்கட்டு. மணிக்கு 80-லிருந்து 120 கிலோமீட்டருக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 2.25 மடங்கு ஆகிவிடும், உயரமான எஸ்யூவிக்கு அது பெரிய சுமை. கூரையில் லக்கேஜ் பெட்டியும் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், ஊரிலிருந்து திரும்பியதும் கழற்றி வையுங்கள். வருடம் முழுக்க நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டி என்றால் ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சீக்கிரம் திரும்பி வராது, இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, ஆள் ஏற்றி மேட்டில் வேகமாக ஏறினால் எஞ்சின் இரைச்சல் கேட்கும். படிப்படியாகக் கியர் மாறாத இ-சிவிடி கியர்பாக்ஸ் வண்டிகளின் பொதுவான குணம் இது, கியர் மாறுகிற உணர்வை விரும்புபவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

அப்புறம் மைலேஜ் கணக்கு. எந்த வண்டியாக இருந்தாலும் திரையில் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். பங்க்கில் முதல் முறை நாசில் 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள், அடுத்த தடவையும் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். அதுதான் உண்மையான மைலேஜ்.

சரி, யார் வாங்கலாம்? லிட்டருக்கு 8 கொடுக்கும் பழைய பெரிய வண்டியிலிருந்து 12 கொடுக்கும் வண்டிக்கு மாறினாலே 100 கிலோமீட்டருக்கு 4 லிட்டருக்கு மேல் மிச்சம். 16 கொடுக்கும் சின்னக் காரிலிருந்து 20-க்கு மாறினால் ஒன்றேகால் லிட்டர்தான். அதனால் பெரிய வண்டி கட்டாயம் தேவைப்படும் குடும்பங்கள்தான் முதலில் மாற வேண்டும். பள்ளிக்கூடம், ஆபீஸ், கடை என்று ஊருக்குள்ளேயே சுற்றும் நாலைந்து பேர் குடும்பத்துக்கு ராவ்4 ஹைபிரிட்டைத் தயங்காமல் சொல்வேன். மூன்றாவது வரிசை வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின் 2020 ஹைலேண்டர் ஹைபிரிட்டைப் பாருங்கள், முன்சக்கர இயக்க மாடல் இபிஏ கணக்கில் சராசரியாக 15 கிலோமீட்டருக்குச் சற்று மேலே கொடுக்கிறது, அந்த அளவு வண்டிக்கு அது ரொம்ப நல்ல மைலேஜ்.