எத்துப்பல்லுக்குக் கம்பியா, அலைனரா?

முன்பல் தூக்கலாக இருக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் கிளிப் போட்டுவிடலாம் என்பார்கள். இப்போது முப்பது வயதுக்காரர்களும் போய் உட்காருகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். "வெளியே தெரியாத மாதிரி ஏதாவது இருக்கா டாக்டர்?" என்பதுதான் என் முதல் கேள்வி. அது தப்பான கேள்வி என்று பிறகுதான் புரிந்தது.

பல்லில் ஒட்டும் கம்பியோ, கழற்றி மாட்டும் கண்ணாடி நிற பிளாஸ்டிக் உறையான அலைனரோ, இரண்டும் செய்வது ஒரே வேலை. பல்லை லேசாக, விடாமல் அழுத்தினால் அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும். மறுபக்கம் புது எலும்பு வளரும். பல் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் வேர் தேயலாம். நல்ல எத்துப்பல்லை மூன்றே மாதத்தில் உள்ளே தள்ளித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், பல் பிடுங்க வேண்டி வரும் இடத்தில். இடம் போதாமல் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் பல்லை எடுத்துவிட்டால், ஏழு மில்லிமீட்டர் போல இடைவெளி விழும். அதை மூடும்போது பல்லின் தலை மட்டும் சாய்ந்து வந்தால் போதாது, வேரும் கூடவே வர வேண்டும். கம்பிக்கு அந்தப் பிடி உண்டு. அலைனரில் பல் சாய்ந்துவிட வாய்ப்பு அதிகம். எனக்கு நான்கு பல் எடுத்தார்கள், ஆகவே கம்பி. முதல் தீபாவளிக்கே முறுக்கைக் கடித்து ஒரு பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னப் பிடி) கழன்றது. கம்பியைப் பிராக்கெட்டோடு கட்டும் ரப்பரைக் கண்ணாடி நிறத்தில் கேட்டு வாங்கினேன். இரண்டே நாள் சாம்பாரில் மஞ்சளாகிவிட்டது. சாம்பல் நிறத்தைக் கேளுங்கள். உதட்டில் புண் வரும், அதற்கு மெழுகு தருவார்கள். சரியாகத் தேய்க்காவிட்டால், கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

செராமிக் பிராக்கெட் பல் நிறத்தில் இருக்கும், ஆனால் எளிதில் உடையும். கம்பி எப்படியும் தெரியத்தான் செய்யும்.

சிறு நெருக்கம், கொஞ்சம் இடைவெளி என்றால் என் ஓட்டு அலைனருக்கு. புண் குறைவு, கழற்றிவிட்டுப் பல் தேய்க்கலாம். ஆனால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தாக வேண்டும். மூன்று வேளை சாப்பாடு, இரண்டு காபி, நடுவில் ஒரு வடை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கழற்றி வைக்க மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று தெரியும். என் அக்கா மகன் மெஸ்ஸில் அதைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரம் வைத்தான். இலையோடு போய்விட்டது. சுடுதண்ணீரில் கழுவி ஒன்றை நெளித்த கதை வேறு. முழுக்கக் கண்ணுக்குத் தெரியாது என்பதும் இல்லை. பல்லின் மேல் சின்னச் சின்ன மேடுகள் ஒட்டுவார்கள். செலவும் உலோகக் கம்பியைவிடக் கணிசமாக அதிகம். எக்ஸ்ரே எடுக்காமல், வீட்டுக்கு அச்சு மாவு அனுப்பி அளவெடுப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

அப்புறம், எதைப் போட்டாலும் கடைசியில் ரிட்டெய்னர் உண்டு, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்க. எனக்குக் கம்பி கழற்றி நான்கு வருடம் ஆகிறது. இன்னமும் ஊருக்குப் போய் ஒரு வாரம் மாட்டாமல் விட்டால், திரும்பி வந்து மாட்டும்போது இறுக்கிப் பிடிக்கிறது.