பைபைண்ட்11: இரண்டு மாட்யூல்களுக்கு ஒரே நினைவகம் கிடைக்கிறதா?

சி++ நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் பைபைண்ட்11 (pybind11) லைப்ரரியைப் பலரும் பாராட்டியிருக்கிறார்கள். நான் மதிப்பிட விரும்புவது அதிகம் பேசப்படாத ஒரு வசதியை மட்டுமே.

எங்களிடம் படங்களைப் படித்துக் கேஷில், அதாவது நினைவகத்தின் தற்காலிகச் சேமிப்பில், வைக்கும் மாட்யூல் ஒன்றும், அவற்றை அளவிடும் மாட்யூல் மற்றொன்றும் இருந்தன. இரண்டும் ஒரே ஸ்டாட்டிக் லைப்ரரியோடு (சேரும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தன் பிரதியை வைக்கும் லைப்ரரி) லிங்க் ஆனவை. முதல் மாட்யூல் 40 படங்களைச் சேர்த்த பிறகும், கேஷில் இருப்பது 0 என்றே இரண்டாவது மாட்யூல் சொல்லிக்கொண்டிருந்தது. காரணம் எளிது: குளோபல் மாறியின் தனிப்பிரதி ஒவ்வொரு மாட்யூல் கோப்புக்குள்ளும் உட்கார்ந்திருந்தது, லினக்ஸில் பைத்தான் மாட்யூல்களைத் திறக்கும் முறையில் ஒன்றின் பெயர்கள் மற்றொன்றுக்குத் தெரிவதில்லை. பைத்தானின் சிஸ்.செட்டிஎல்ஓபன்ஃபிளாக்ஸ் (sys.setdlopenflags) மூலம் அந்தத் தடையை நீக்க முடியும் என்றாலும், தொடர்பே இல்லாத லைப்ரரிகளின் பெயர்களும் மோதிக்கொள்ள அது வழி திறந்துவிடும் என்பதால் நான் அதைத் தொடவில்லை.

பைபைண்ட்11 தரும் கெட்_ஆர்_கிரியேட்_ஷேர்ட்_டேட்டா (get_or_create_shared_data) என்ற செயல்கூறு இதற்கு நேரடியான தீர்வு. ஒரு பெயரைக் கொடுத்தால், முதலில் கேட்கும் மாட்யூல் பொருளை உருவாக்கும். அடுத்துக் கேட்பது அதே முகவரியைப் பெறும். சில வரிகளை மாற்றியதும் இரண்டாவது மாட்யூலும் 40 என்றது.

குறைகளும் உண்டு. உள்ளே இருப்பது வகை அறியாத வெறும் பாயிண்டர், அதாவது நினைவக முகவரி மட்டும்தான். நாங்கள் பகிர்ந்த தரவின் அமைப்பான ஸ்ட்ரக்டில் ஒரு புலத்தைச் சேர்த்துவிட்டு ஒரு மாட்யூலை மட்டும் மறுபடி கம்பைல் செய்த நாளில், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் பொருளற்ற எண்கள் வந்தன. தவறு எங்களுடையது, ஆனால் எச்சரிக்க அங்கே யாரும் இல்லை. உருவான பொருளைப் பைபைண்ட்11 ஒருபோதும் அழிப்பதில்லை என்பதால், திறந்த கோப்புகளை நாமே மூட வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறை, இந்தப் பகிர்வு பைபைண்ட்11-இன் உட்கட்டமைப்புப் பதிப்பையும் கம்பைலரின் ஏபிஐயையும் (ABI, கம்பைல் ஆன நிரல்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான விதிகள்) சார்ந்திருப்பதாகும். அவை பொருந்தாவிட்டால் ஒவ்வொரு மாட்யூலும் தனக்கென ஒரு சேமிப்பை அமைத்துக்கொள்ள, பழைய 0 சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும்.

எனவே ஒரே பில்டில் சேர்ந்து வெளியாகும் மாட்யூல்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தனித்தனியாக வெளியாகும் மாட்யூல்களுக்குப் பைத்தானின் சொந்தப் பைகாப்ஸ்யூலே (PyCapsule, ஒரு சி பாயிண்டரைப் பெயரோடு பொதிந்து தரும் பொருள்) மேல். பைத்தானின் டேட்டைம் மாட்யூல் தன் சி செயல்கூறுகளைப் பிறருக்குத் தருவது அதன் வழியாகத்தான். எண் கணிப்புக்கான நம்பை (NumPy) லைப்ரரியும் அவ்வாறே தருவதோடு, இறக்குமதியின்போது ஏபிஐ (ABI) பதிப்பைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் பிழை எழுப்புகிறது. காப்ஸ்யூலுக்குக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது, பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் அது திறக்காது. அந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம்பையைப் பார்த்து நாங்களும் ஸ்ட்ரக்டின் முதல் புலமாக ஒரு பதிப்பெண்ணை வைத்தோம். பழைய மாட்யூல் ஒன்று கலந்துவிட்டால், இப்போது இம்போர்ட் வரியிலேயே பிழை வந்து நிற்கிறது.