சுமையோடு ஊர் சுற்ற ஒரு பழைய எஃகு ஃபிரேம்

வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் சுமையோடு சைக்கிளில் போய்வர வேண்டும் என்பதற்காக, பழைய சைக்கிள் கடை ஒன்றில் 26 அங்குலச் சக்கரத்துக்கான எஃகு ஃபிரேம் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு மாதமாக ஓட்டுகிறேன். கொடுத்த விலைக்கு மேலாகவே உழைக்கிறது.

பெடல் அச்சிலிருந்து (பெடல் கைகள் சுழலும் நடு அச்சு) பின்சக்கர அச்சு வரையுள்ள நீளம் 45 சென்டிமீட்டர் இருப்பதால், கேரியரில் தொங்கும் பைகள் மிதிக்கும்போது குதிகாலில் இடிப்பதில்லை. இதை அளந்து பார்க்காமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம். பின்சக்கரம் பொருந்தும் இடைவெளி 135 மில்லிமீட்டர் என்ற பரவலான அளவு என்பதால், அதற்கேற்ற ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) தேடி அலையவில்லை. கேரியர் மாட்டும் திருகுத் துளைகளும் இருக்கின்றன. அலுமினியம் எடை குறைவுதான். ஆனாலும், வழியில் விரிசல் விட்டால் சாதாரண வெல்டிங் பட்டறையிலேயே ஒட்டிக்கொள்ளக்கூடிய எஃகையே நான் நம்புகிறேன்.

ஒரு குறை உண்டு. பெடல் அச்சுக் குழாயின் அடியில் இருந்த துரு, புதுப் பெயின்ட்டுக்குள் மறைந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்த பிறகே தெரிந்தது. கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம். ஆகவே ஃபிரேமைத் தலைகீழாகத் திருப்பி, குழாய்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் 15 கிலோ சுமையோடு இறங்கியபோது, ஹேண்டில்பார் சற்றும் ஆடவில்லை.