தாத்தாவின் பார்க்கர் 51: பழைய பேனா பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் தாத்தாவின் பார்க்கர் 51 பேனா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதன் தங்க நிப்பு மட்டும் வரவில்லை.

யாங்கோனில் பழைய மைப்பேனாக்களைச் சரிசெய்யும் ஆசை நம் பிள்ளைகள் சிலருக்கு வந்திருக்கிறது. அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு, பேனாவைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் யோசித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன். ஏமாற்றியவரின் பெயரைப் போடவில்லை. என்னிடம் ரசீது இல்லை. கேட்டு வாங்காதது என் தவறு.

தாத்தா பசுண்டாங் ஓடைக்கரையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று பர்மா அரசாங்கம் அறிவித்துவிட்டது. கடைகளும் ஆலைகளும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. நம் தமிழ் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் போனார். போகும்போது, "துறைமுகத்தில் எதைப் பிடுங்குவார்கள், எதை விடுவார்கள் என்று தெரியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இந்தப் பேனாவைத் தாத்தாவின் சட்டைப் பையில் சொருகிவிட்டுப் போனாராம். தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பேனாவால்தான் எழுதினார். பேனாவைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிப் பிடிப்பது அவர் வழக்கம். அதனால் நிப்பு நுனியின் இடது ஓரம் அவர் கைக்கேற்றபடி தேய்ந்திருந்தது. அவர் எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டில் ஒவ்வொரு கோடும் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து ஓடும். எனக்கு அது அவர் குரல் மாதிரி.

இந்தப் பொழுதுபோக்குக்குள் நான் வந்தது பன்சொடான் தெரு நடைபாதைப் புத்தகக் கடைகள் வழியாகத்தான். பழைய அகராதிகளுக்கு நடுவே, பக்கத்தில் நெம்புகோல் வைத்த உடைந்த பேனா ஒன்று கிடந்தது. வாங்கி வந்து திறந்தேன். உள்ளே மை தங்கும் ரப்பர் பை தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். இதைச் சொல்லித் தருபவர் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆளைக் காட்டினார்கள். தமிழ் பேசினார். கோயில் திருவிழாக்களில் பார்த்த முகம். வேறு என்ன விசாரிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை பாடத்துக்கு 80 ஆயிரம். பழகுவதற்கு ஐந்து பழைய பேனாக்களும் கருவிப் பெட்டியும் சேர்த்து 3 லட்சம் கியாட். "யாரும் கை வைக்காத பேனா தம்பி, பை மாற்றினால் எழுதும்" என்றார்.

முதல் பாடமே தப்பு. ஐந்து பேனாக்களையும் வெந்நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊற விடச் சொன்னார். அதில் ஒன்று எபொனைட். கந்தகம் சேர்த்து இறுக்கிய கெட்டி ரப்பர் அது. பழைய எபொனைட்டை நீரில், அதுவும் வெந்நீரில், ஊற வைக்கவே கூடாது. கறுப்பாகப் போட்ட பேனா காலையில் பாசி பிடித்த பழுப்பு நிறத்தில் இருந்தது. "பழைய சாமான் என்றால் அப்படித்தான்" என்றார். நானும் நம்பினேன்.

இரண்டாம் வாரம், ஒரு பேனாவின் இறுகிய கழுத்தை, அதாவது நிப்பு செருகியிருக்கும் பகுதியை, கழற்ற சிகரெட் லைட்டரை நீட்டினார். இதைக் கவனமாகப் படியுங்கள். 1920-களிலிருந்து 40-கள் வரை வந்த வண்ணப் பேனாக்களில் நிறைய செல்லுலாய்ட். நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் அது. கற்பூரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று பேனாவின் ஓரம் கருகியதோடு போயிற்று. ஆறு பேர் உட்கார்ந்திருந்த சின்ன அறை அது. முடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து, கை தாங்கும் சூட்டில், திருப்பித் திருப்பிக் காட்டி, பொறுமையாகக் கழற்ற வேண்டும். வரவில்லையென்றால் மறுநாள் மறுபடி முயல வேண்டும்.

கருவிப் பெட்டியில் 'அரக்கு' என்று எழுதிய ஒரு குப்பி இருந்தது. பேனாக்காரர்கள் பை ஒட்டுவதற்கு அரக்கைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு நன்றாகப் பிடிக்கும். பின்னால் யாராவது திறக்க நினைத்தால் மிதமான சூட்டில் விட்டுக்கொடுக்கும். அரக்கு இந்த நாட்டிலேயே, ஷான் பக்கம் விளைகிற பொருள். ஆனால் அந்தக் குப்பியில் இருந்தது சூப்பர் குளூ. நான் ஒட்டிய மூன்று பேனாக்களை இனி உடைக்காமல் திறக்க முடியாது. பைகளும் அளவு சேரவில்லை. பையின் விட்டத்தை அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்று எண் போட்டு விற்பார்கள். 16 எண் என்றால் கால் அங்குலம். பெட்டியில் எல்லாம் ஒரே அளவு.

இவ்வளவு நடந்த பிறகும் நான் தாத்தாவின் பேனாவை அவரிடம் கொடுத்தேன். அப்போது இந்த விவரம் எதுவும் எனக்குத் தெரியாது. மை சரியாக இறங்கவில்லை, அவ்வளவுதான் அதன் குறை. "பை செத்துப்போச்சு, மாற்ற 60 ஆயிரம்" என்றார். மூன்று வாரம் கழித்துத் தந்தார். நிப்பு நுனி வெள்ளையாக இருந்தது.

"அண்ணே, இது மஞ்சளாகத்தானே இருந்தது?"

"துருப் பிடிக்காமல் இருக்க முலாம் போட்டிருக்கேன் தம்பி. காசு வாங்கலை."

"தங்கம் துருப் பிடிக்குமா அண்ணே?"

அதற்குப் பதில் இல்லை. நான் நம்பிக்கை இல்லாமல் பேசுகிறேன் என்று கோபித்துக்கொண்டார். அப்புறம் போனையும் எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். கோடு ஒரே கனமாக, சரசரவென்று போனது. தாத்தாவின் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பார்க்கர் 51 விற்பனைக்கு வந்தது 1941-இல். முதலில் வந்தவற்றில் ரப்பர் சவ்வு வைத்து மை இழுக்கும் அமைப்பு. 1948-இலிருந்து வந்தவற்றில் உலோகக் கூட்டுக்குள் அழுத்திவிடும் பை. இந்தப் பை சாதாரண ரப்பர் இல்லை, பிளாஸ்டிக். அறுபது எழுபது வருஷம் ஆனாலும் பெரும்பாலும் கெடுவதில்லை. தண்ணீரை இழுத்து இழுத்து வெளியே விட்டால் போதும். தாத்தாவுடையது இந்த இரண்டாம் வகை. நல்லவேளையாக, கொடுப்பதற்கு முன் திறந்து ஒரு படம் எடுத்திருந்தேன். பையில் இருந்த அதே பழுப்புக் கறை இன்றும் அங்கேயே இருக்கிறது. அவர் எதையும் மாற்றவில்லை.

நிப்பு விஷயம் இன்னும் தந்திரமானது. 51-இன் நிப்பு ஒரு சின்னக் குழாய் மாதிரி, கூண்டுக்குள் மறைந்திருக்கும். நுனி மட்டும் வெளியே தெரியும். அதே 51-இல் 'ஸ்பெஷல்' என்று மலிவான வகை ஒன்று 1950 வாக்கில் வந்தது. அதில் தங்கத்துக்குப் பதில் ஆக்டானியம் என்ற கலப்பு உலோக நிப்பு. அதை எடுத்துத் தங்க நிப்பு இருந்த இடத்தில் பொருத்திவிட்டால், வெளியிலிருந்து தெரிவது நுனியின் நிறம் மட்டும்தான். கூண்டைச் சூடு காட்டிக் கழற்றப் பழகிய பிறகு நானே திறந்தேன். 14 காரட் முத்திரை இல்லை. மொகல் தெருவில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். உரசிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உருக்கினால் அதில் கிடைக்கிற தங்கம் மிகச் சொற்பம் என்றும் அவரே சொன்னார். அந்தச் சொற்பத்துக்காக அந்தப் பேனாக்காரர் இதைச் செய்திருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பேனாவை யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் நிப்பு நுனியை நகைக்கடைப் பூதக்கண்ணாடி வைத்துப் படம் எடுங்கள். உடலில் பொறித்த எழுத்து, மூடி, உள்ளே இருக்கும் பை எல்லாவற்றையும் எடுங்கள். அதே பேனாவால் ஒரு தாளில் நாலு வரி எழுதித் தேதி போட்டு வையுங்கள். கோடு பொய் சொல்லாது. என்ன மாற்றப் போகிறார் என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் திருப்பிக் கேளுங்கள். நேர்மையான ஆள் அதற்குக் கோபிக்கவே மாட்டார். பழகுவதற்கு, நடைபாதையில் கிடைக்கும் ஹீரோ பேனா போதும். அதைப் பத்துத் தடவை கழற்றி மாட்டுங்கள். தாத்தா பேனாவைப் பதினோராவது தடவைக்கு வையுங்கள்.

நான் இந்த வேலையை விடவில்லை. பாசி நிறமான அந்த எபொனைட் பேனா இப்போது எழுதுகிறது, அரக்கு வைத்து நானே பை மாட்டினேன்.

யாங்கோனில் பழைய நிப்பு வாங்குகிற, விற்கிற யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பார்க்கர் 51 தங்க நிப்பு, 14 காரட், நுனியின் இடது ஓரம் சாய்வாகத் தேய்ந்தது. அது உங்கள் கைக்கு வந்திருந்தால் உருக்கிவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். என்ன விலை கொடுத்தீர்களோ அதைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன், யாரிடம் வாங்கினீர்கள் என்றுகூடக் கேட்க மாட்டேன்.