சாட்ஸ்வர்த்ல ஷாட் க்ளாக் வச்ச பூல் ஹால்: மெதுவா ஆடுறவங்ககிட்ட மாட்டி நொந்தவங்க படிங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல போட்டி பூல் (குச்சியால பந்த அடிச்சு டேபிள் ஓரத்து பாகெட் குழில தள்ற ஆட்டம்) ஆடுற நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஹாலப் பத்தி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். சாட்ஸ்வர்த்லதான் இருக்கு, ஹிக்கின்சன் ஹைவேய விட்டு உள்ள திரும்பினா கொஞ்ச தூரம், கீழ ஹார்ட்வேர் கடை, மேல மாடி முழுக்க டேபிள். பேர் போடல, ஓனர் அங்கிள் விளம்பரம் வேணாம்ப்பா இப்பவே சனிக்கிழமை எடம் பத்தலன்னு கேட்டுக்கிட்டாரு. அந்தப் பக்கம் பூல் ஆடுறவங்க யாரைக் கேட்டாலும் வழி காட்டிடுவாங்க.

நான் இந்த ஹாலுக்கு இவ்ளோ சப்போர்ட் பண்றதுக்கு ஒரே காரணம், இங்க போட்டி நடக்கிற ஒவ்வொரு ஒன்பதடி டேபிள்லயும் முதல் ரேக்ல (ஒரு ரேக்னா ஒரு ஆட்டம்) இருந்தே ஷாட் க்ளாக், அதாவது ஒரு அடிக்கு இவ்ளோ விநாடிதான்னு எண்ணுற கடிகாரம், ஓடுது. யாரோ கம்ப்ளைன்ட் பண்ணப்புறம் கொண்டாந்து வைக்கிறதில்ல, பிரேக், அதாவது தொடக்க அடி, அடிச்சதுல இருந்தே ஓடுது, ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு. பாக்க சின்ன விஷயமா தெரியும், ஆனா மெதுவா ஆடுற ஆளுக்கு எதிர்ல ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

மொதல்ல டேபிள் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஒன்பதடி அமெரிக்கன் டேபிள் நாலு, ஏழடி ப்ளாக்பால் (சிவப்பு, மஞ்சள் பந்து வச்சு ஆடுற பூல்) டேபிள் ஆறு. இந்த ஊர் ஈரக்காத்து எப்படின்னு தெரியும்ல, ஜனவரி பிப்ரவரில டேபிள் மேல விரிச்ச துணி ஈரத்த இழுத்துக்கிட்டு கனத்துப்போயி பந்து பாதி தூரத்துலயே நின்னுடும், இங்க மத்தியானத்துல இருந்தே ஏசி போட்டு வச்சிடறாங்க, சாயங்காலம் நாம போறப்போ துணி நல்லா ஓடுது. பந்து தினமும் தொடைக்கிறாங்க. ஓரத்து குஷன் எல்லா டேபிள்லயும் பந்த ஒரே மாதிரி திருப்பித் தருது. இதுக்கு மேல டேபிள்ல சொல்ல ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். லீக்னா எல்லா விதமான ஆளும் வருவாங்க, ஃபீனிக்ஸ், டோங்காட் பசங்க, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து 80 கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வர்ற அண்ணன்மாருங்க, எல்லாரும். இதுல சிலபேரு நேரா இருக்கிற பந்துக்கே டேபிள ரெண்டு சுத்து சுத்தி, குனிஞ்சு, நிமிந்து, க்யூ (பந்த அடிக்கிற குச்சி) முனைல சாக் போட்டு, மறுபடி குனிஞ்சு, மறுபடி நிமிந்து ஒன்றரை நிமிஷம் எடுப்பாங்க. இதுல ரெண்டு ரகம் உண்டு, நெஜமாவே முடிவு எடுக்கத் தெரியாம தவிக்கிறவங்க ஒண்ணு, நீங்க வரிசையா ரெண்டு ரேக் அடிச்சதும் உங்க சூட்ட கொறைக்கணும்னே இழுக்கிறவங்க இன்னொண்ணு. எதிர்ல இருக்கிறவரு எந்த ரகம்னு கண்டுபிடிக்க முயற்சியே பண்ணாதீங்க, அந்த ஆராய்ச்சிதான் உங்க கவனத்த தின்னும், ரெண்டுக்கும் நாம செய்ய வேண்டியது ஒண்ணேதான்.

இது கத்துக்குட்டிங்க பிரச்சினைன்னு நெனைக்க வேணாம். 2005 உலக ஸ்னூக்கர் (பூல் மாதிரியே இன்னொரு டேபிள் ஆட்டம்) சாம்பியன்ஷிப் கால் இறுதி, ஷெஃபீல்ட்ல, ரோனி ஓ'சல்லிவன் 8-2ன்னு முன்னாடி இருந்தாரு, எதிர்ல பீட்டர் எப்டன். எப்டன் ஆட்டத்த அப்படியே இழுத்துட்டாரு, ஒரு கட்டத்துல வெறும் 12 பாயின்ட் பிரேக் (ஸ்னூக்கர்ல ஒரே முறைல தொடர்ந்து சேக்கிற பாயின்ட்) எடுக்க அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அதே ஓ'சல்லிவன் 1997ல அதே அரங்கத்துல ஒரே முறைல எடுக்கக்கூடிய முழு ஸ்கோரான 147 அடிச்சு முடிச்சதே கிட்டத்தட்ட அவ்ளோ நேரத்துலதான். கடைசில எப்டன் 13-11ன்னு ஜெயிச்சாரு. உலகத்துலயே ரொம்ப வேகமா ஆடுறவங்கள்ல ஒருத்தரு, அவ்ளோ பெரிய லீட் கைல இருந்தும் நாற்காலில உக்கார வச்சே கரைச்சுட்டாங்க. எப்டன் எந்த விதியையும் மீறல, கவனமா ஆடினாரு, அவ்ளோதான். அதனாலதான் சொல்றேன், இத ஆளோட குணம் சம்பந்தப்பட்ட விஷயமா பாக்கக்கூடாது, ஆட்டத்த நடத்துற எடம் பாத்துக்க வேண்டிய விஷயம்.

இந்த ஹால்ல க்ளாக் கணக்கு உலக பூல் சங்கத்தோட ரெகுலேஷன்ல பரிந்துரை பண்ணிருக்கிற அதே கணக்குதான். ஒரு ஷாட்டுக்கு 35 விநாடி, 10 விநாடி பாக்கி இருக்கும்போது எச்சரிக்கை, ஒவ்வொருத்தரும் ரேக்குக்கு ஒரே ஒரு தடவ 25 விநாடி எக்ஸ்டென்ஷன் கேட்டுக்கலாம். பந்தெல்லாம் நின்னப்புறம்தான் எண்ண ஆரம்பிக்கணும், எடத்துலயே சுத்திக்கிட்டிருக்கிற பந்தும் நின்னிருக்கணும், க்யூ முனை வெள்ளைப் பந்துல படுற வரைக்கும் ஓடும். நேரம் போச்சுன்னா ஃபவுல், 9-பால்ல (ஒன்பது பந்து வச்சு ஆடுற ஆட்டம்) எதிராளிக்கு பால் இன் ஹேண்ட், அதாவது வெள்ளைய விரும்பின எடத்துல வச்சு அடிக்கலாம். மொஸ்கோனி கப்ன்ற ஐரோப்பா-அமெரிக்கா பூல் போட்டில 30 விநாடிதான், ஸ்னூக்கர் ஷூட் அவுட்ன்ற பத்து நிமிஷ ஆட்டப் போட்டில முதல் அஞ்சு நிமிஷம் 15, அடுத்த அஞ்சு நிமிஷம் 10, அதெல்லாம் டிவிக்காக. நம்ம மாதிரி வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி ஆடுறவங்களுக்கு 35 ரொம்ப நியாயமான அளவு. நெருக்கடியில்லாம யோசிக்கலாம், யோசிக்கிற மாதிரி நேரத்த ஓட்ட முடியாது.

ரூல் புக்ல இன்னொண்ணும் இருக்கு, ஒருத்தர் ரொம்ப மெதுவா ஆடினா ரெஃப்ரி மொதல்ல சீக்கிரம் ஆடுங்கன்னு சொல்லலாம், கேக்கலன்னா நடுவுல க்ளாக் கொண்டு வரலாம், அது ரெண்டு பேருக்கும் பொருந்தும். பேப்பர்ல படிக்க நல்லா இருக்கு, ஆனா நம்ம ஊர் லீக்ல ரெஃப்ரி எங்க இருக்காரு, நாமளேதான் போய் கேப்டன்கிட்ட சொல்லணும், சொன்ன உடனே அந்தப் பக்கத்து டீம் மூஞ்சி மாறிடும், அப்புறம் க்ளாக் வந்தாலும் அது அவருக்கு தண்டனையா தெரியும், நமக்கு குத்த உணர்ச்சியா இருக்கும், அடுத்த ரெண்டு ரேக் ரெண்டு பேருமே ஒழுங்கா ஆட மாட்டாங்க. வேற ஒரு எடத்துல எனக்கே இது நடந்துருக்கு, நியாயமாதான் கேட்டேன், கேட்டது சரிதான், ஆனா மேட்ச் அதோட கெட்டுப்போச்சு. இந்த ஹால்ல யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டிய அவசியமே வர்றதில்ல, சுவத்துல மாட்டுன ஃபேன் மாதிரி க்ளாக் அதுபாட்டுக்கு ஓடுது. எனக்கு இந்த எடத்து மேல இருக்கிற மரியாதைக்கு இதுதான் அடிப்படை.

அடுத்து நாற்காலி. சிரிக்காதீங்க, காத்திருக்கிற ஆளுக்குன்னு இவங்க யோசிச்சு செஞ்சிருக்காங்க. ஒவ்வொரு மேட்ச் டேபிளுக்கும் ரெண்டு உயரமான நாற்காலி, பாகெட்டுக்கு நேரா இல்லாம நீள குஷனோட பக்கவாட்டுல, ஆடுறவரு கண்ணுல நாம படவும் மாட்டோம், அவரு ஒவ்வொரு தடவ குனிஞ்சு நிமிர்றதையும் நாம பாத்துத் தொலைக்கவும் வேண்டியதில்ல. பக்கத்துல தண்ணி வைக்க சின்ன தட்டு, க்யூ சாய்க்க ஸ்டாண்டு, பின்னாடி நாலடி நடக்கிற அளவுக்கு எடம். அந்த நாலடிதான் முக்கியம். க்ளாக் இருந்தாலும் மெதுவா ஆடுறவரு ஒவ்வொரு பந்துக்கும் 30, 33ன்னு முழுசா எடுப்பாரு, அது அவரு உரிமை, ஒரு சேஃப்டி சண்டை (எதிராளிக்கு அடிக்க வழியில்லாத மாதிரி பந்த நிறுத்துறதுல போட்டி) வந்துச்சுன்னா நீங்க பத்து நிமிஷம் கூட நாற்காலில இருக்க வேண்டி வரலாம். அவ்ளோ நேரம் அசையாம உக்காந்தா தோள் இறுகிடும், எழுந்து மொத ஷாட் அடிக்கும்போது கை உங்க பேச்ச கேக்காது.

நான் இங்க பழகிக்கிட்டது என்னன்னா, அவரு ஆடுறப்போ ஆள பாக்காம டேபிள மட்டும் பாக்கணும், அதுவும் பந்து நின்னதும் ஒரு தடவ, அடிச்சு முடிச்சதும் ஒரு தடவ. நடுவுல கண்ண எடுத்துடணும், சாக் பாக்கலாம், தரைய பாக்கலாம், அடுத்த டேபிள் ஆட்டத்த மட்டும் பாக்க வேணாம், அந்த வேகம் தலைல ஏறிடும். அவரு மூணு நாலு பந்து அடிச்சதும் எழுந்து ரெண்டு நடை நடந்து தோள சுத்தி விட்டுட்டு உக்காரணும், ஆனா அவரு குனிஞ்சிருக்கும்போது இல்ல, அது அவர கலைக்கிறதாயிடும், அந்தப் பழி நமக்கு வேணாம். அப்புறம் அவரு எந்தப் பந்துல திரும்பத் திரும்ப நிமிர்றாருன்னு மட்டும் மனசுல வச்சுக்கங்க, அங்கதான் அவருக்கு வெள்ளைய எங்க நிறுத்துறதுன்னு தெரியல, பாதிக்கு மேல சேஃப்டிக்குப் போவாரு, இல்ல பொசிஷன் தப்பி நிப்பாரு, உங்களுக்கு அடுத்து என்ன மாதிரி டேபிள் வரும்னு முன்னாடியே ஒரு யோசனை கிடைச்சிடும். காத்திருக்கிற நேரத்துல செய்யறதுக்கு இத விட உருப்படியான வேலை இல்ல.

உங்க முறை வந்தா ஒரே ஒரு விஷயம்தான், வழக்கமா எவ்ளோ நேரம் எடுப்பீங்களோ அவ்ளோ எடுங்க. நம்ம பசங்க நெறைய பேரு இங்கதான் விழறாங்க, எதிராளி இழுக்கிறாருன்ற கோவத்துல பட்டு பட்டுன்னு அடிச்சு காட்டுவாங்க, அவருக்கு பாடம் சொல்லித் தர்ற மாதிரி. அவரு கத்துக்க மாட்டாரு, ரேக்க மட்டும் எடுத்துக்குவாரு. நின்னபடியே முடிவெடுத்துட்டு, குனிஞ்சப்புறம் எத்தன தடவ க்யூவ முன்னும் பின்னும் ஆட்டிட்டு அடிப்பீங்களோ அந்த எண்ணிக்கைய மாத்தாதீங்க. ரொம்ப நேரம் உக்காந்துட்டு வந்த மொத ஷாட்டுக்கு மட்டும் கூடுதலா ஒரு மூச்சு விட்டுட்டு குனிங்க, 35 விநாடில அதுக்கெல்லாம் தாராளமா எடம் இருக்கு.

குறை இல்லாம இல்ல. 10 விநாடி எச்சரிக்கைக்கு வச்சிருக்கிற பஸர் சத்தம் ரொம்ப அதிகம், பக்கத்து டேபிள்ல குனிஞ்சிருக்கிறவருக்கும் தூக்கிவாரிப் போடுது. வாயால "பத்து"ன்னு சொன்னாலே போதும், அங்கிள்கிட்ட சொல்லிருக்கேன், பாக்கலாம் தம்பின்னாரு, இன்னும் மாறல. அடுத்து, க்ளாக் பாக்குற பசங்க. நல்ல பசங்கதான், ஆனா சனிக்கிழமை கூட்டத்துல ஒருத்தனே ரெண்டு டேபிள் பாக்குறான், அப்போ பந்து நிக்கிறதுக்கு முன்னாடியே பட்டன அமுக்கிடறதும் உண்டு, நின்னு அஞ்சு விநாடி கழிச்சு அமுக்கறதும் உண்டு. க்ளாக் வச்சா அது துல்லியமா இருந்தாதான் மதிப்பு, இதுல அவங்க இன்னும் ஒரு ஆள் போட்டே ஆகணும்.

ப்ளாக்பால் டேபிள்ல கதை வேற. அங்க 60 விநாடி வச்சிருக்காங்க, எனக்கு அது சரின்னு படுது, சிவப்பும் மஞ்சளும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பாகெட்ட அடைச்சு நிக்கிற சமயத்துல 35க்குள்ள முடிவெடுன்னு சொல்றது கொடுமை. ஆனா லீக் ராத்திரி தவிர மத்த நாள்ல அங்க க்ளாக்கே போடறதில்ல, காசு போட்டு ஆடுற டேபிள்தானேன்னு விட்டுடறாங்க. பழகுறதே அங்கதான், அங்கயும் போட்டா சின்னப் பசங்க ஆரம்பத்துலயே நல்ல பழக்கத்தோட வருவாங்க.

சாப்பாடு பத்தி ரெண்டு வரி. பன்னி சௌ, அதாவது ரொட்டிய குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு, பீன்ஸ்லயும் மட்டன்லயும் கிடைக்கும், குவாட்டர் (கால் ரொட்டி அளவு) வாங்கினாலே வயிறு ரொம்பிடும், மசாலா நம்ம நாக்குக்கு ஏத்த காரம். கையால சாப்பிடுற ஐட்டம்ன்றதால மேட்ச் முடிஞ்சப்புறம் சாப்பிடுங்க, என்னதான் கழுவினாலும் விரல்ல எண்ணெய் இருந்தா க்யூ வழுக்கும். டீ நல்லா இருக்கும். லோட் ஷெட்டிங் காலத்துல போட்ட இன்வெர்ட்டர் இன்னும் வச்சிருக்காங்க, மேட்ச் டேபிள் லைட்டும் க்ளாக்கும் அதுல ஓடும், ஏசி ஓடாது. பார்க்கிங் கீழ கொஞ்சம்தான், சனிக்கிழமை ஏழு மணிக்கு முன்னாடி போனா எடம் கிடைக்கும். பொண்ணுங்களும் தைரியமா வந்து ஆடுறாங்க, லீக்ல அவங்க டீமும் இருக்கு, குடிச்சிட்டு சத்தம் போடுறவங்கள அங்கிள் உள்ளயே விடமாட்டாரு.

முதல் தடவ போறவங்க சனிக்கிழமை போகாம வாரநாள்ல போங்க. ஒன்பதடி டேபிள் எடுத்துட்டு க்ளாக் வேணும்னு கேட்டீங்கன்னா ப்ராக்டிஸுக்கும் போட்டுத் தருவாங்க, தனியா காசு கிடையாது. ஒரு ஃப்ரெண்ட கூட்டிட்டுப் போயி அவர வேணும்னே ஒவ்வொரு ஷாட்டுக்கும் முப்பது விநாடி இழுக்கச் சொல்லி ஒரு செட் ஆடிப்பாருங்க, லீக்ல அந்த மாதிரி ஆள் வர்றதுக்கு முன்னாடி உங்க கைக்கும் மனசுக்கும் அது பழகிடும். கதவு பக்கத்து டேபிள மட்டும் கேக்காதீங்க, பஸர் அதுக்கு நேர் மேலதான் மாட்டிருக்கு.