கோடாக்ஸில் மூன்று, கேமரா நிறுவனத்தின் ஒன்று: எந்த ஃபிளாஷ் எந்த வேலைக்கு?

ஃபிளாஷ் வாங்கப் போகும் பலர் முதலில் தேடுவது கைடு நம்பரை, அதாவது ஃபிளாஷின் ஒளி வலிமையைச் சொல்லும் எண்ணை. கோடாக்ஸ் நிறுவனத்தின் டிடி600, டிடி685 டூ, வி860 த்ரீ மூன்றிலும் அது 60. கேனன் 600இஎக்ஸ் போன்ற விலை கூடிய ஃபிளாஷிலும் அதே 60. ஆக, அந்த எண்ணை வைத்து இந்த நான்கில் ஒன்றைப் பொறுக்க முடியாது. பார்க்க வேண்டியவை வேறு: ஃபிளாஷ் கேமரா மேலே உட்காருமா, தள்ளி ஸ்டாண்டில் நிற்குமா? ஒரு முறை அடித்தபின் அடுத்ததற்கு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும்? உங்கள் கேமராவின் ஹாட் ஷூ (ஃபிளாஷை மாட்டும் மேல் தடம்) அதை ஏற்குமா?

முதலில் அந்த 60-ஐ உடைத்துப் பார்த்துவிடுவோம். அது ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 100-ல், ஃபிளாஷ் தலையின் ஜூமை 200 மி.மீ.யில் வைத்து அளந்தது. ஜூம் 35 மி.மீ.க்கு வந்தால் ஏறக்குறைய 36 ஆகிவிடும். 3 மீட்டர் உயர வெள்ளைக் கூரையில் பவுன்ஸ் செய்கிறீர்கள் (ஒளியைக் கூரையில் அடித்துத் திருப்புகிறீர்கள்), கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், ஆள் 3 மீட்டர் தள்ளி என்று கொள்வோம். ஒளி கூரைக்கு ஏறி முகத்துக்கு இறங்க ஏறத்தாழ 4.2 மீட்டர் போகிறது. கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸின் திறப்பு அளவு கிடைக்கும்: 36-ஐ 4.2-ஆல் வகுத்தால் எஃப்/8-ஐ ஒட்டி வரும். கூரை உறிஞ்சுவதும் சிதறடிப்பதுமாக 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் போனால் ஒளி பாதியாகும்) போனால் மிஞ்சுவது எஃப்/4, அதுவும் முழு பவரில். ஐஎஸ்ஓ-வை 800 ஆக்கினால் அதே படத்துக்கு 1/8 பவர் போதும். சாதாரண அறைக்குள் எடுப்பவருக்கு இந்த நான்கில் எதுவுமே திணறாது.

டிடி600 முழுக்க மேனுவல். ஷூவில் நடு முனை ஒன்றுதான். அதனால் கேனன், நிக்கான், ஃபுஜி என்று எதில் மாட்டினாலும் அடிக்கும். சோனிக்கு மட்டும் தனிப் பதிப்பு. இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது: கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய கேமராக்களின் ஷூவில் அந்த நடு முனையே கிடையாது. அவற்றின் மேல் டிடி600-ஐ நேராக மாட்டினால் அடிக்காது. வாங்குமுன் ஷூவின் நடுவில் வட்ட உலோகப் பொட்டு இருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பாருங்கள்.

கேமரா மேல் இருக்கும்போது டிடி600-க்கு ஹைஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷ் ஒத்து அடிக்கும் வசதி) கிடையாது. ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 விநாடியைத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். அதையே கோடாக்ஸ் எக்ஸ் வகை டிரிக்கரோடு (கேமரா மேல் மாட்டும் ரேடியோ கருவி) ஸ்டாண்டில் நிறுத்தினால் ஹைஸ்பீடு சிங்க் வேலை செய்யும். குடையோ சாஃப்ட்பாக்ஸோ வைத்து ஆளை ஓரிடத்தில் நிறுத்தி எடுப்பவர் இதற்கு மேல் காசு போட வேண்டியதில்லை.

கேமராவோடு நடந்து எடுப்பவரின் கதை வேறு. நேரடி ஃபிளாஷில் ஆள் 4 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு வந்தால் அவர் மேல் விழும் ஒளி நான்கு மடங்கு, அதாவது 2 ஸ்டாப் கூடுதல். ஒவ்வொரு அடிக்கும் பவரைத் திருகிக்கொண்டிருந்தால் தருணம் போய்விடும். டிடிஎல் என்ற தானியங்கி முறை இதற்காகத்தான். ஷட்டர் திறக்குமுன் ஒரு சிறு முன்னொளியை அடித்து, திரும்பி வருவதை அளந்து பவரைத் தானே வைக்கும். ஆனால் அதன் கண்ணுக்கு எல்லாமே சாம்பல் நிறம். வெள்ளை உடை ஃபிரேமை நிறைத்தால் படம் இருண்டு போகும்; ஃபிளாஷ் ஈடுகட்டலை (காம்பன்சேஷன்) +1 பக்கம் நகர்த்துங்கள். கறுப்பு உடைக்கு −2/3.

டிடிஎல் ஃபிளாஷ் வாங்குவோர் மாடல் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும்; எந்த நிறுவனக் கேமராவுக்கான பதிப்பு என்று அதுதான் சொல்லும். கேனன் பதிப்பு நிக்கானில் டிடிஎல் செய்யாது.

டிடி685 டூ, வி860 த்ரீ இரண்டிலும் டிடிஎல், ஹைஸ்பீடு சிங்க், ரேடியோ எல்லாம் உண்டு. பிரிப்பது பேட்டரி. முன்னதில் 4 ஏஏ செல்கள்: முழு பவரில் மறுபடி நிரம்ப 2.6 விநாடி வரை, 2500 எம்ஏஎச் நிக்கல் செல்களில் (திரும்பச் சார்ஜ் செய்பவை) ஏறக்குறைய 230 முறை அடிக்கும். பின்னதில் 7.2 வோல்ட், 2600 எம்ஏஎச் லித்தியம்: 1.5 விநாடி, 480 முறை. மேலே சொன்ன 1/8 பவர் வேலையில் இந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. உயரமான மண்டபத்திலும் வெயிலிலும்தான் தெரியும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/2.8 என்றால் ஷட்டர் 1/3200 பக்கம் போகும். ஹைஸ்பீடு சிங்க் தொடங்கியதுமே சுமார் 2 ஸ்டாப் ஒளி போய்விடும். ஷட்டர் வேகம் இரட்டிக்கும்போதெல்லாம் இன்னும் ஒரு ஸ்டாப் போகும். ஒவ்வொரு அடியும் முழு பவர்தான். அங்கே லித்தியம் வாங்கியவர் பிழைத்தார். ஆனாலும் தொடர்ந்து 30 முழு அடிகளுக்குப் பின் தலைக்கு 10 நிமிடம் ஓய்வு கொடுங்கள். சூடு ஏறினால் ஃபிளாஷே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

ஏஏ-க்குச் சாதகமும் உண்டு. தீர்ந்தால் எங்கும் கிடைக்கும், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். அல்கலைன் செல் மட்டும் வேண்டாம்: உள்மின்தடை அதிகம், சில டஜன் அடிகளிலேயே காத்திருப்பு நீளும். நிக்கல் செல்களை நான்கு நான்காக எண் எழுதி ஒரே தொகுப்பாகப் பயன்படுத்துங்கள். ஒரு வலுவிழந்த செல் மற்ற மூன்றையும் இழுத்துவிடும். லித்தியம் பேக்கைச் சில மாதம் சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். உப்பிவிட்டால் சார்ஜரில் போடாதீர்கள்.

வட்டத் தலை கொண்ட கோடாக்ஸ் வி1-ஐப் பற்றியும் கேட்பார்கள். மாட்டும் துணைக்கருவிகள் காந்தத்தில் ஒட்டுவது வசதி. பவுன்ஸ் செய்யும்போது ஒளி கூரையிலிருந்து வருவதால் தலையின் வடிவம் படத்தில் தெரியாது.

கேமரா நிறுவனத்தின் ஃபிளாஷுக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? புதிய கேமரா வந்த அன்றே ஒத்துப்போவது ஒரு காரணம். மற்றவற்றுக்குப் பல நேரம் யுஎஸ்பி வழி ஏற்றும் ஃபர்ம்வேர் (ஃபிளாஷுக்குள் ஓடும் மென்பொருள்) வரும்வரை காத்திருக்க வேண்டும். சில உயர் மாடல்களில் மழைத்தூறல் தாங்கும் அடிப்பகுதியும் உண்டு. நிக்கான் 2016-ல் எஸ்பி-5000-ல் தலையைக் குளிர்விக்கும் ஏற்பாட்டையே உள்ளே வைத்தது. நாள் முழுதும் இடைவிடாமல் அடிக்கும் தொழில்முறையாளருக்கு இவை பொருள் உள்ளவை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் இரண்டு டிடி685 வாங்கி ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தினால் படம் நன்றாக வரும். இரண்டு நிறுவனங்களின் ரேடியோ ஒன்றோடொன்று பேசாது என்பதால் கலந்து வாங்காதீர்கள்.

எதை எடுத்தாலும் கடையிலேயே ஒரு சோதனை: 1/1 மேனுவலில், ஒரே செட்டிங்கில், வெள்ளைச் சுவரை 4 விநாடிக்கு ஒன்றாகப் பத்துப் படம் எடுங்கள். நடுவில் ஒரு படம் மங்கினால் முதலில் செல்களை மாற்றிப் பாருங்கள். மறுபடியும் மங்கினால் அந்த ஃபிளாஷை வாங்காதீர்கள். ஒரு படம் கறுப்பாகவே வந்தால் ஷூவில் முழுதும் தள்ளி லாக் செய்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மி.மீ. பின்னால் நின்றாலும் முனைகள் ஒட்டாது.