படத்தை நிறுத்திக் காட்டுவதா, பாட்டைக் கட்டம் போட்டு வரைய வைப்பதா?

ஒரு காட்சியில் என்ன நடக்கிறது என்பதை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். அதை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் பழக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி புழக்கத்தில் இருக்கிறது. படத்துண்டு ஒன்றைப் புரொஜெக்டரில் ஓட்டி, அங்கங்கே நிறுத்திப் பேசுவது ஒன்று. ஒரு பாடலைக் கொடுத்து, அதைப் படமெடுப்பதானால் எப்படி எடுப்பாய் என்று கட்டம் கட்டமாக வரையச் சொல்வது மற்றொன்று. தருமபுரிப் பக்கம் 40 பேர் இருக்கும் வகுப்புக்கு நாங்கள் வைத்துக்கொண்டது இரண்டாவதை. முழுப் படத்தையும் போட்டுவிட்டுக் கட்டுரை எழுதச் சொல்வதை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது கதைச்சுருக்கத்தில்தான் போய் முடியும்.

படத்துண்டு என்றால் 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் தடவை ஒலியில்லாமல், இரண்டாம் தடவை ஒலியோடு, மூன்றாம் தடவை நான்கே இடங்களில் நிறுத்தி. நிறுத்தும் இடத்தின் நிமிடம், நொடியை முன்னாலேயே ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கைபோன போக்கில் நிறுத்தினால் ஆள் நகரும்போது படம் மங்கலாக உறைந்து நிற்கும். முகத்தைப் பார்த்து வகுப்பே சிரித்துவிடும், அப்புறம் பாடம் நடக்காது. லேப்டாப்பின் ஒலி மூன்றாம் பெஞ்சைத் தாண்டாது என்பதால் தனி ஸ்பீக்கர் கட்டாயம். ஜன்னலுக்குத் திரை இல்லாத அறையில் மதிய வெயிலில் திரையில் எதுவும் தெரியாது. 40 நிமிடப் பாடவேளையில் பிள்ளைகள் புரொஜெக்டர் இருக்கும் ஆய்வகத்துக்கு நடந்து போய் உட்காரவும், ஒயர் மாட்டவும் 10 நிமிடம் போய்விடும். கரண்ட் போனால் மிச்சமும் போச்சு.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவைதான். நாங்கள் அந்த வழியை விட்டதற்குக் காரணம் வேறு: மணி அடித்த பிறகு ஆசிரியர் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. படத்துண்டு வகுப்பில் பேசுவது எப்போதும் அதே ஐந்தாறு பேர். மற்றவர்கள் பார்த்தார்களா, பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதற்குத் தடயம் கிடையாது. கட்டம் போட்டு வரையும்போது நால்வருக்கு ஒரு தாள் வீதம் பத்துத் தாள் கைக்கு வரும். எந்தக் குழு எந்தச் சொல்லில் தடுக்கியது என்று அதிலேயே தெரியும். மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

செய்முறை சின்னது. ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாகவும், குறுக்கே மூன்றாகவும் மடித்தால் ஆறு கட்டம். குச்சி மனிதர்கள் போதும். பென்சில் கூடாது, பேனாதான். ரப்பரைக் கையில் கொடுத்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போகும். நன்றாக வரையும் பிள்ளை ஒருத்தி தாளைப் பிடித்துக்கொண்டால் மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் ஒரு கட்டம் முடிந்ததும் பேனா அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் மூன்று குறிப்பு: காட்சி அண்மையா, நடுவா, தொலைவா; யார் கண்ணால் பார்க்கிறோம்; பாட்டில் எந்தச் சொல் இதைச் சொல்கிறது. மூன்றாவது குறிப்பு இல்லாத கட்டத்தை ஏற்கக் கூடாது. இந்த ஒரு கண்டிப்பு தளர்ந்தால் மொத்தமும் ஓவிய வகுப்பாகிவிடும்.

எங்கள் ஊருக்குத் தோதான பாட்டு புறநானூறு 95. தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகப் பகை மன்னன் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துவிட்டுப் பாடியது. 9 அடிதான். இங்கே, தொண்டைமானிடம், மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிக் காவலுள்ள அரண்மனையில் இருப்பவை. அங்கே, அதியமானிடம், பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடப்பவை. பழிப்பது போலப் புகழ்ந்து, புகழ்வது போலப் பழிக்கும் பாட்டு.

பத்தில் ஆறேழு குழு போர்க்களம் வரைந்து, ஒரு யானையையும் நிறுத்திவிடும். "எந்தச் சொல்?" என்று கேட்டால் 'குத்தி' என்பதைக் காட்டுவார்கள். பாட்டில் சண்டைக்கு அந்த ஒரு சொல்தான். கேமரா போர்க்களத்துக்குப் போகவே இல்லை, முனை ஒடிந்த ஆயுதத்தைப் பட்டறையில் காட்டி நிறுத்திக்கொள்கிறது. அரிவாள் தட்டக் கொல்லன் பட்டறைக்குப் போன பிள்ளை இருந்தால் இந்தக் கட்டத்தை அவனிடம் கொடுங்கள், அண்மைக்காட்சி சரியாக வரும்.

அடுத்த தடுக்கல் மூன்றாம் அடி: 'கடியுடை வியன்நகர் அவ்வே, அவ்வே'. முதல் 'அவ்வே' தொண்டைமான் பக்கத்தை முடிக்கிறது, இரண்டாவது அதியமான் பக்கத்தைத் தொடங்குகிறது. காட்சி மாறும் வெட்டு இரண்டுக்கும் நடுவில். அடி முடியும் இடத்தில் கட்டம் மாற்றும் குழு அதைத் தவறவிடும். ஒரே ஒலியால் இரண்டு காட்சி ஒட்டப்பட்டிருப்பது வாய்விட்டு இரண்டு முறை படித்தால் காதில் விழும்.

மூன்றாவது, கொஞ்சம் நுட்பமானது. 'வேலே' என்ற சொல் பாட்டின் கடைசியில்தான் வருகிறது. அதுவரை 'இவை', 'அவை' என்று சுட்டுவதோடு சரி. முதல் கட்டத்திலேயே வேல் முழுவதையும் வரைந்துவிட்டால் ஔவை பொத்தி வைத்ததை உடைத்துவிட்டதாக ஆகும். பீலியையும் மாலையையும் மட்டும் காட்டி முனையைக் கட்டத்துக்கு வெளியே விட்ட குழுவின் தாளைப் பலகையில் ஒட்டுங்கள். நயம் பாராட்டும் கேள்விக்கு எதுகை, மோனை தாண்டி எழுத ஒரு பத்தி அங்கே இருக்கிறது.

படத்துண்டு முந்தும் இடமும் உண்டு. ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், சங்கச் சொற்களே பாதிப் பாடவேளையைத் தின்றுவிடும். ஒலியில்லாத காட்சியின் முன் எல்லோரும் சமம். அருஞ்சொல் பட்டியலை முதல் நாளே கொடுத்தால் கட்டம் வரைவதும் அங்கே நடக்கலாம், ஆனால் ஓரிரு முறை முயன்றதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டோம். இசையும் பின்னணி ஒலியும் உணர்ச்சியை எப்படித் திருப்புகின்றன என்பதைத் தாளில் காட்ட வழியே இல்லை, அதற்குப் படம்தான்.

இரண்டையும் சேர்ப்பதானால் வரிசை முக்கியம். கட்டம் முதலில், மூன்று பாட்டாவது ஆகட்டும். பிறகு ஒரு படத்துண்டு. அந்தத் துண்டுக்கும் அதே ஆறு கட்டத் தாளையே கொடுங்கள். மூன்றாம் குறிப்பை மட்டும் மாற்றி, 'எந்த நொடி இதைச் சொல்கிறது' என்று எழுதச் சொன்னால் போதும்.